உதட்டோரக் கரி

1

"அந்தப் படத்தைச் சுவத்துலேர்ந்து இறக்குங்க மேடம்."

இந்தக் கதை இப்படித்தான் தொடங்க வேண்டும். ஆனால் படத்தைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். "பேப்பரு அவங்களது. கை அந்த வாத்தியாரோடது. நமக்கு என்னடி உரிமை?" எங்கள் வீட்டின் முதல் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியவள் அவள்தான். அந்தப் பட்டதாரி வாயைத் திறந்தால் முதலில் நடுங்குகிறவளும் அவள்தான்.

கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஓவியப் பள்ளி, தன் பழைய ஆசிரியர் நான் பிறக்கும் முன்பே வரைந்த கரிக்கோல் படம் ஒன்றுக்குக் கற்பனைக் கதை எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. படத்தின் கீழே அட்டை: 'பெயர் தெரியாத பெண்'. என் அம்மா.

2

முதல் வரைவு: 'ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவள் கண்களில் இனம்புரியாத சோகம் ததும்பி

பொய். அவள் கண்ணில் இருந்தது தூக்கம். விடிகாலையில் வந்து அந்தப் பள்ளி முழுக்கப் பெருக்கிவிட்டு, வாத்தியார் கூப்பிட்டாரென்று உட்கார்ந்தவள்.

(இது அடிக்குறிப்பு. அடியில் போட்டால் படிக்க மாட்டீர்கள், அதனால் இங்கே. கரிக்கோலில் வரைகிறவர்கள் கோட்டை அழிக்க ரொட்டியைப் பிசைந்து ஒற்றி எடுப்பார்கள். தாள் கெடாது. அதற்காகப் பலகையோரம் ஒரு துண்டு ரொட்டி இருக்கும், வெறும் வயிற்றோடு அசையாமல் உட்கார்ந்திருப்பவளின் கண்ணெதிரில்.)

வாத்தியார் புகைபிடிக்க வெளியே போனபோது அம்மா அந்த ரொட்டியைத் தின்றுவிட்டாள். கரியோடு. வாயைத் துடைத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்தாள். "திருடித் தின்னேன்டி. நல்லவேளை, யாரும் பாக்கல." என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

உட்கார்ந்தவர்களுக்குப் படத்தைக் காட்டும் வழக்கம் அங்கே இல்லை. அவள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். இடது உதட்டோரம் கறுப்பாக ஒரு தீற்றல். ரொட்டி எங்கே என்று கேட்காத மனிதர், கண்டதைக் கண்டபடி வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்.

3

அடுத்த வாரம் கண்காட்சி. அம்மா புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். "ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன். உன் மானம் போகாது, பயப்படாதே" என்கிறாள். என் மானமாம்.

4

ஓவியப் பள்ளியின் முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, கதை வரலைன்னா வரலைன்னு சொல்லு. படத்து மேல ஏன் பாயற?"

"காரணம் இருக்கு மேடம்."

"சொல்லேன்."

(சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் படம் அங்கேயே இருக்கும். இந்த வரியை மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன்.)

"அந்த உதட்டோர நிழல்தாம்மா படத்துக்கே உயிர்" என்று ஒரு சுவரொட்டியை விரித்தார். மேசையளவுக்கு என் அம்மாவின் வாய்.

5

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். முதல்வர் கண்கலங்கி, ரொட்டிக் கதையையும் பக்கத்திலேயே மாட்டுகிறார். கூட்டம் அலைமோதுகிறது.

முடிவு இரண்டு: வாயைப் பொத்திக்கொள்கிறேன். அம்மா புதுச் செருப்போடு, அத்தனை பேர் நடுவில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்ததைப் பார்க்கிறாள்.

முடிவு மூன்று: படத்தை நானே பிடுங்கி

ஆமாம், கிழித்தேன், இந்த முடிவை எழுதிய தாளை.

6

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? காரணம்னியே?"

"அது என்னோடது இல்ல மேடம். அவங்களைத்தான் முதல்ல கேக்கணும்."

"எவங்களை?"

நான் சுவரொட்டியைச் சுருட்டினேன்.

"ஏய், அதை எங்க எடுத்துட்டுப் போற?"

"வீட்டுக்கு. பாக்க வேண்டியவங்க தனியாப் பாக்கட்டும். அப்புறம் படம் இருக்கணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லுவாங்க. அதுக்கும் வந்து சண்டை போடுவேன்."

"அப்ப கதை?"

"அதையும் அவங்கதான் சொல்லணும்."

இதை இப்போது நீங்கள் படிக்கிறீர்கள். அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று இனி நீங்களே யோசியுங்கள். எனக்குத் தெரியாது, இந்தக் கதைக்குள் நான் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.