பதினாறு மீட்டர்

இப்போதெல்லாம் எவனும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, எழுதித்தான் பார்க்கிறான் என்பது முதிய நெசவாளர் வீரபாகுவின் புகார். ரேஷன் கடைக்காரன் ஆளைப் பார்க்காமல் அட்டையைப் பார்க்கிறான். கல்யாணத்துக்கு வந்தவன் மொய் நோட்டைப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போகிறான். இன்றைக்குப் பாவடியிலேயே ஒரு அம்மாள் உட்கார்ந்து, முளைத்துக் கிடக்கிற களையை எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பாவடி அந்தத் தெரு நெசவாளர்களுக்குப் பொதுவான வெளி. எண்பதடி நீளம், ஐம்பதடி அகலம். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாக்கு இழைகளை, அங்கேதான் இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சேர்ப்பார்கள். மூன்று புடவைப் பாவுக்கு அறுபத்தைந்து அடியாவது வேண்டும்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். நெசவாளர் சங்கத் தலைவர் லோகநாதன் அதில் பாதியை எடுத்துக் கல்யாண மண்டபம் கட்டக் கிளம்பினார். குறுக்கே வெட்டி, தெருப் பக்கம் நாற்பதுக்கு ஐம்பது மண்டபத்துக்கு, மீதி நெசவாளர்களுக்கு. நாற்பதடியிலும் பாவு நீளாது, ஐம்பதடியிலும் நீளாது. வீரபாகு கூட்டத்தில் எழுந்து கத்தினார்.

"தெருவுல இழுத்துக் கட்டு மாமா. முள்ளிப்பட்டுல கட்டல?" என்றார் லோகநாதன்.

"லாரி வந்தா நீ குறுக்கால படுத்துக்கினு மறிப்பியா?"

கூட்டம் சிரித்தது, தீர்மானம் மட்டும் மாறவில்லை. ஆனால் மண்டபத்துக்கு வந்த அரசு அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: வெறுமையாக விடும் பாதி, அதிக வகைச் செடிகள் உள்ள பாதியாக இருக்க வேண்டும். அதை எண்ணிச் சொல்லத்தான் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் சூர்யகலா வந்திருந்தாள்.

"இன்னா எண்ணின?" என்று கேட்டார் வீரபாகு.

"ஒரு மீட்டர் சதுரத்துல ஏழு வகைங்க ஐயா. அது மாதிரி ரெண்டு சேத்தா ஒம்பது. நாலுல பன்னெண்டு. எட்டுல பதினஞ்சு. பதினாறுல பத்தொம்பது."

"எடம் ரெண்டு பங்காவும்போது செடியும் ரெண்டு பங்காவணுமில்ல? எண்ணத் தெர்லன்னா சொல்லு டீச்சரம்மா, நான் எண்றேன்."

"பாத்த அருகம்புல்லேதான் திரும்பத் திரும்ப வருது. புதுசா ஒண்ணு கெடைக்கணும்னா இன்னும் தள்ளிப் போவணும். உங்க புடவையில ஒரே புட்டா திரும்பத் திரும்ப வரல? அப்படித்தான்."

"புடவைக்கு டிசைன் போட்டவன் இருக்கான். இந்தக் களைக்கு எவன் போட்டான்?"

அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "டீ குடிச்சிட்டு ஜல்தி வந்துடறேன். அதுக்குள்ள அந்தப் பக்கம் இன்னொரு பதினாறு மீட்டருக்குக் கயிறு கட்டி வைங்க ஐயா" என்று கயிற்றையும் மீட்டர் குச்சியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அறுபது வருஷமாகத் துணியோடு புழங்கியவருக்கு மீட்டர் என்றால் நீளம். அகலத்தை யார் மீட்டரில் கேட்பார்கள்? தறி என்ன கொடுக்கிறதோ அதுதான் அகலம். வீரபாகு குச்சியை அகலத்துக்கு வைத்துக்கொண்டு, பாவு இழுக்கிற வாக்கிலேயே கிணற்றடியில் தொடங்கிச் சுவரோரம் வரை பதினாறு மீட்டரை விறைப்பாக இழுத்துக் கட்டினார்.

திரும்பி வந்த சூர்யகலா தலையில் கை வைத்தாள். "ஐயா, நாலுக்கு நாலா இல்ல கட்டணும்? இன்னா இப்படி ரிப்பன் மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க?"

"பதினாறு மீட்டர்னு சொன்னது யாரு? அளந்து பாரு. ஒரு வெரக்கடை கொறஞ்சிருந்தா என்னக் கேளு."

கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவள் உள்ளே இருந்த செடிகளைப் பார்த்ததும் அவிழ்ப்பதை விட்டாள். பிறகு எண்ணத் தொடங்கினாள். கிணற்று ஈரத்தில் பொன்னாங்கண்ணி, வேப்பமர நிழலில் குப்பைமேனி, மிதிபட்ட நடுவில் நெருஞ்சி, சுவரோரத்தில் தும்பையும் மூக்கிரட்டையும். இருபத்தாறு வகை. நம்பாமல் பக்கத்தில் இன்னொரு நீளக் கட்டம் போட்டாள், இருபத்தைந்து. இன்னொரு சதுரம் போட்டாள், பதினெட்டு.

"பரப்பு ஒண்ணுதான் ஐயா. நீளமாப் போனா ஈரம், நெழலு, வெயிலு எல்லாத்தையும் தொட்டுகினு போவுது. பாதியை நீளவாக்குல விட்டாதான் நெறைய வகை தப்பிக்கும்."

வீரபாகு அவளை உற்றுப் பார்த்தார். "எனக்குப் பாவு கட்ட எடம் வேணும்னு சேத்து எழுதறியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீங்களே எண்ணுங்க."

எண்ணினார். அவள் இருபத்தாறு எண்ணிய கட்டத்தில் அவருக்கு இருபத்தைந்துதான் வந்தது. கீழாநெல்லி போலிருந்த இரண்டு செடியைக் காட்டி, இரண்டும் வேறு வேறு வகை என்றாள் அவள்; இரண்டும் கீழாநெல்லியே என்று அவர் விடவில்லை.

சாயங்காலம் லோகநாதன் வந்து நோட்டைப் பார்த்தார். "இருபத்தஞ்சடி அகலத்துல மண்டபமா? ரயில் பெட்டியில பந்தி போட்ட மாதிரி இருக்குமே! பேஜாராப் போச்சும்மா."

"கடிதத்துல இருக்கறது அதுதான் சார். நான் நீளவாக்குன்னுதான் எழுதுவேன்" என்று சூர்யகலா கையெழுத்துப் போட்டாள். லோகநாதன் வீரபாகுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"உங்க பாவடி நீளம் தப்பிச்சிடுச்சி ஐயா. இப்பவாவது நம்பறீங்களா?"

"எம் பாவு நீளும், அது சரி. அதே மண்ணு, அதே களை. சதுரமாக் கட்டினா பத்தொம்பது, நீட்டிக் கட்டினா இருபத்தாறா? கயித்தப் பாத்தா மொளைக்குது செடி?"

பதிலுக்கு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருபத்தாறு என்று சொல்லித் தலையை ஆட்டியபடியே தெருவில் இறங்கி நடந்தார்.