இடுப்பளவுத் தண்ணீர்

குழாய்க்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரே தெருவில் நாலு சபை, நாலும் கூப்பிடுவது ஒரே கடவுளை, ஆனால் எதிரே வந்தால் ஒருவருக்கொருவர் தலையாட்டக்கூட மனசு வராது என்று சொல்லிச் சிரிப்பார். அதனால் டயர் கடைக்கு மேலே இருந்த மாடிச் சபை முழுக்கு ஞானஸ்நானத்துக்குத் தொட்டி கட்டித் தரக் கேட்டபோது, குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளிக்கும் பழைய சபையில் பிறந்து வளர்ந்தவர் கூச்சப்படவில்லை.

"தலையில தெளிச்சா பத்தாதாம், ஆளையே முக்கி எடுக்கணுமாம். நமக்கென்ன? எந்தச் சபைக்கும் பைப் ஒண்ணுதான்" என்றார் வீட்டில்.

மனைவி சிரிக்கவில்லை. "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.

"இடுப்பளவு."

"தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்குமோ?"

அவருடைய வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே வெந்நீர்க் குழாய் ஒன்றைத் தொட்டிக்கு இழுத்தார். படி வழுக்குமா என்று கேட்டாள், கைப்பிடி வைத்தார். பேசிக்கொள்ள ஒரு தொட்டியாவது கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டார்.

பேச்சு குறைந்துபோனது குழந்தைக்குப் பிறகுதான். மூன்றே நாள் இருந்த பெண் குழந்தை. மூச்சுத் திணறியபோது போதகர் வந்து சேர நேரமில்லை. உயிர் போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது பழைய சபையின் வழக்கம். அவள் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, அவரே ஆஸ்பத்திரித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, நெற்றியில் மூன்று முறை விட்டுப் பெயர் சொன்னார். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான் என்பது அவர் எண்ணம். எதையும் கேலி பேசுகிறவர், அதை மட்டும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று அவள் படுத்துவிட, தனியாகவே பழைய சபைக்குப் போனார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மாடிச் சபைப் பாஸ்டரிடமிருந்து போன். "அண்ணே, தொட்டி கசியுது, முழுக்கு ஆரம்பிக்கப்போகுது, கொஞ்சம் ஓடி வாங்க."

தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஸ்பேனரால் இணைப்பை முறுக்கினார். வெள்ளை அங்கியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரிடமும் பாஸ்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் குழந்தையில தெளிச்சது வெறும் தண்ணிதான்னு அறிக்கை பண்றியா?" இரண்டு பேர் "ஆமென்" என்றார்கள். குழாய்க்காரர் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்றாவதாகக் கைப்பிடியைப் பற்றிய கையில், கல்யாணத்தன்று அவர் போட்ட மோதிரம் இருந்தது. பாஸ்டர் கேட்டார். அவள் தயங்கக்கூட இல்லை.

"ஆமென்."

சொட்டச் சொட்ட ஏறி வந்தவள் அவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்றார்.

"ஆறு மாசமா."

"அன்னைக்குப் பிள்ளையப் பிடிச்சிருந்தது நீதானே?"

"பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் தேவையே இல்லையாம். பாவமில்லாமத்தான் போகுமாம். அதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் ஈரத் தலையைத் துண்டால் சுற்றினாள். "சொல்லியிருந்தா தொட்டிய முடிச்சிருக்க மாட்டீங்களே."

ஆழம், சூடு, கைப்பிடி, எல்லாம் இதற்குத்தான். தன் கையாலேயே தன் பிள்ளையின் நெற்றித் தண்ணீரைத் துடைக்க வைத்துவிட்டாளே. ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கினார். மேலே நாலாவது ஆளிடம் பாஸ்டர் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். பதில் காதில் விழுவதற்குள் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்று, அந்த வயதில், இரண்டிரண்டு படியாக ஓடினார்.