விருந்துக்கு வந்த தெற்கு அறை

1994-ஆம் ஆண்டு ஓண விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒற்றசேகரமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த கணக்குவீட்டின் தெற்கு அறை, உதியன்குளங்கரையில் பொன்னையன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தது. நேந்திரங்காய் விலை ஏறிக் கிடந்த சமயம், அதனால் உபசாரம் கொஞ்சம் மட்டம்தான். அறையைக் குற்றம் சொல்ல முடியாது. நான்கு வயது தன்யா கூப்பிட்டாள், அது வந்தது.

பொன்னையன் ஜங்ஷனில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். எங்கேயாவது கூட்டிப் போ என்று பிள்ளைகள் மனுவும் தன்யாவும் அரித்தெடுத்ததால், ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு மனைவி பிரேமகுமாரியோடு அவர்களையும் கூட்டிக்கொண்டு போனது அந்தக் கணக்குவீட்டுக்கு. பண்டு ராஜாவுக்குக் கணக்கெழுதிய பிள்ளைமாரின் வீடு அது. சர்க்கார் எடுத்துக் காட்சிசாலையாக்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்து வாரிசான சிவானந்தம் சொந்த வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார். பொன்னையனின் முப்பாட்டன்மார் அந்த முற்றத்தில் நெல்லளந்து கொடுத்துவிட்டு, படியேறாமல், நின்ற கால் நின்றபடியே திரும்பியவர்கள். அவன் அதையெல்லாம் நினைக்கவில்லை. மனு வெண்கல வார்ப்புப் பாத்திரத்துக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டதையும், தன்யா மூன்றாவது முறையாக மூத்திரம் முட்டுகிறது என்றதையும் கவனிக்கவே அவனுக்குப் பொழுது சரியாக இருந்தது.

பிரேமகுமாரிக்கு அப்போது ஐந்து மாதம். மனுவுக்குப் பின் ஒன்று, தன்யாவுக்குப் பின் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் ஏழாம் மாதம் தாண்டாமல் போயிருந்தன. படுத்தே கிடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஒற்றை அறையும் அடுக்களையும் உள்ள வீட்டில், நான்கு பேர் நடமாடும் தரையில், எங்கே படுத்தே கிடப்பது? தெற்கு அறை வாசலில் அவள் நெடுநேரம் நின்றாள். கறுத்த தரை, மரக் கம்பிகளால் அழி போட்ட ஒரு சன்னல், உள்ளிருந்து கிணற்றடிக் குளிர்ச்சி. இதில் ஒரு நாள் படுத்தால் போதும் என்று அவள் நினைத்தது உண்மை. ஆனால் நினைத்ததோடு சரி, வாய் திறந்து கேட்கவில்லை.

எந்த வீட்டுப் படி இறங்கினாலும் வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அவர்களையும் அழைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று பிள்ளைகளை அவள் பழக்கியிருந்தாள். வீட்டுக்காரர்களே இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் தன்யா ஒவ்வொரு அறையாகப் போய்த் தலையை நீட்டி, "நாங்க வாறோம். நீங்களும் ஒரு நாளு எங்க வீட்டுக்கு வரணும்" என்றாள். மற்ற அறைகள் மரியாதைப் பேச்சு என்று விட்டுவிட்டன. தெற்கு அறை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு தலைமுறைக்குப் பேறு பார்த்த அறை அது. உள்ளே பிறந்தவர்களில் ஒருவர்கூட அதை எங்கேயும் அழைத்ததில்லை.

மறுநாள் விடிந்தபோது அடுக்களைக்கும் பலாமரத்துக்கும் நடுவே அது இருந்தது. வெளியே நின்று பார்த்தால் பழைய நான்கு சென்ட் மனைதான். உள்ளே போனால் பன்னிரண்டுக்கு ஒன்பதடி. பக்கத்து வீட்டு ரத்னபாய் வந்து எத்தனை நாள் தங்கும் என்று விசாரித்தாள். பிரேமகுமாரி பாயை விரித்துப் படுத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பகலில் அவள் தூங்கியது அன்றைக்குத்தான். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டு கொடுத்தது.

பன்னிரண்டாம் நாள் விசாரித்துக்கொண்டு சிவானந்தம் வந்தார். கணக்குவீட்டில் அறை இருந்த இடத்தில் வெறும் சுவர். மாதக் கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி வருவார், கணக்கில் ஓர் அறை குறைந்தால் அவருடைய வேலை போய்விடும். முற்றத்திலேயே நின்று சொன்னார். பிரேமகுமாரி உள்ளே வந்து இருக்கச் சொன்னாள். ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு வந்து, அந்தக் கறுத்த தரையில் அவர் உட்கார்ந்தார். அவள் கொடுத்த பாலில்லாத கட்டன்சாயாவை வாங்கிக் குடித்தார்.

"சாரே, வீட்டுக்கு வந்தவங்கள எறங்கிப் போன்னு சொல்ல எனக்கு வராது," என்றாள் அவள். "ரெண்டெண்ணம் போச்சு. இது வயித்துல கெடக்கது இந்தத் தெக்கு முறியோட குளுமையிலயாக்கும்." ஏழாம் மாதம் பிறக்க இன்னும் நாள் இருந்தது, அதை எண்ணி எண்ணியே அவள் பாதியாகியிருந்தாள்.

சிவானந்தம் சுவரைத் தடவிப் பார்த்தார். "நானும் இதுலதான் பெறந்தேன். எனக்குப் பொறவு இதுக்கு ஒரு சோலியும் இல்லாம போச்சு," என்றார். "நீ பெத்து எழும்பு மக்கா. ஆப்பீசருக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அறை பிரசவம் பார்க்கப் போயிருக்கிறது என்று அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: லீவு விண்ணப்பம் எங்கே? சிவானந்தம் அங்கேயே எழுதி, அறைக்காகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று ஒரு குறிப்போடு அது அனுமதிக்கப்பட்டது.

ஏழாம் மாதம் வந்தது, போனது. எட்டாவதும் போனது. மகர மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோற்றுக்கு முன்பு, அந்த அறையில் பெண் பிள்ளை பிறந்து ஊர் கேட்க அழுதது. பொன்னையன் கையில் டியூபோடு ஜங்ஷனிலிருந்து ஓடி வந்தான். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டியபின் அறை கிளம்பியது. பிரேமகுமாரி விக்கி விக்கி அழுதாள். கூடப்பிறந்தவளை வழியனுப்பும்போதுகூட அவள் அப்படி அழுததில்லை.

சேதி பரவ அதிக நாள் ஆகவில்லை. திருப்புறத்திலிருந்து ஒருத்தி ஏழாம் மாத வயிற்றோடு டிக்கெட் எடுத்துப் போய் தெற்கு அறை வாசலில் நின்று அதை அழைத்தாள். பிறகு வரிசையாக வந்தார்கள், பெரும்பாலும் முற்றத்தோடு திரும்பியவர்களின் பேத்திகள். சுவரில் ஒரு பலகை மாட்டப்பட்டது: அறை பேற்றுக்குப் போயிருக்கிறது. பார்க்க வந்தவர்கள் பலகையை வாசித்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள்.

1999-இல் சிவானந்தத்தின் மகள் ஸ்ரீகலா பேற்றுக்குத் தாய்வீடு வந்தாள். அறை அப்போது ரத்னபாயின் மருமகளுக்காக உதியன்குளங்கரையில் இருந்தது. திரும்பி வரச் சொல்லலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சிவானந்தம் தலையசைத்து மறுத்துவிட்டு, மகளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து, ரத்னபாயின் முற்றத்தில் நின்று இடம் கேட்டார். ரத்னபாய் மருமகளின் பாயைச் சன்னல் பக்கம் தள்ளிப் போட்டாள். ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளும் பிறந்தன. இரண்டையும் ஒரே செம்புத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள், வெந்நீர் விளாவிக் கொடுத்தது பிரேமகுமாரி.