அஞ்சலையின் கைநாட்டு

காலை ஐந்தரைக்கே காஜா பெராங் ரப்பர் ஆலையில் உருளைகள் சுழல ஆரம்பித்துவிடும். பெண்கள் நாங்கள் முழங்கை வரை நனைந்தபடி தொட்டியில் உறைந்து கிடக்கும் ரப்பர் கட்டிப்பாலை அள்ளி, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுப்போம். அதன் நாற்றம் எங்கள் தலைமுடியில் குடியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த பஸ்ஸின் டயருக்கு ரப்பர் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

என் பக்கத்து உருளை அஞ்சலையுடையது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த உருளை அவள் வலது கைப் பெருவிரலை அடியோடு எடுத்துக்கொண்டது. ஆறு வாரம் கழித்து, மிச்சமிருந்த நாலு விரலோடு அதே உருளைக்கு வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். வேறு எந்த ஆலை அவளைச் சேர்த்துக்கொள்ளும்?

இரண்டரை வருஷத்துக்கு முன் டை கட்டிய இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வந்து, ஒரு வருஷத்துக்குத்தான் என்று சொல்லி ஆலையில் எங்கள் நாற்பது பேரிடமும் கைநாட்டு வாங்கினார். சம்பளத்தில் மாதம் இரண்டு வெள்ளிப் பணம் பிடித்தார்கள். வருஷம் முடிந்தது, பிடித்தம் முடியவில்லை. விரல் போனபோது அஞ்சலை பணம் கேட்டாள். உயிர் போனால்தான் கொடுப்போம் என்றது கம்பெனி. அப்படியானால் எனக்கு வேண்டாம், நிறுத்துங்கள் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சேதுராமனிடம் அன்றே சொன்னாள். யார் கேட்டார்கள்? மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது வந்த சம்பளத்தில் இன்னொரு ஒன்றரை வெள்ளியும் குறைந்தது. பெயரே கேள்விப்படாத வேறொரு கம்பெனியாம். எங்கள் பேர், ஐசி அடையாள அட்டை நம்பர், சம்பளம் எல்லாம் அவர்களுக்கு எப்படிப் போனது?

மறுநாள் முதலாளி மாணிக்கவாசகத்தின் கார் உள்ளே நுழைந்ததும் அஞ்சலை உருளையை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள். நாங்களும் கூடப் போனோம்.

மாணிக்கவாசகம் அசரவில்லை. ஒரு தடவை சேர்ந்தால் வருஷா வருஷம் தானாகப் புதுப்பிப்பார்கள், அதுதான் முறை என்றார். எங்கள் விவரங்களை மற்ற கம்பெனிக்குக் கொடுத்தது தான்தான் என்றும், அதுவும் எங்கள் நன்மைக்கே என்றும் சொன்னார். எங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். உடனே ஃபைலிலிருந்து ஒரு சம்மதத் தாளை உருவி மேசையில் போட்டார்.

"கேக்காமலா? இந்தா பாரு அஞ்சலை, போன ஜனவரியில நீ வச்ச கைநாட்டு. வலது பெருவிரல், அச்சா விழுந்திருக்கு. வச்சிட்டு இப்ப தகராறு பண்ற."

அஞ்சலை தன் வலது கையை அந்தத் தாளின் மேல் விரித்து வைத்தாள்.

"தீபாவளிக்கு முன்னாடியே உங்க மிசின் தின்னுருச்சு மொதலாளி. ஜனவரியில எந்த விரல வச்சேன்?"

சேதுராமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலாளி சொன்னதால் எல்லாத் தாளிலும் தன் விரலையே வைத்ததாக முணுமுணுத்தார். மாணிக்கவாசகம் அவரை முறைத்துவிட்டுக் குரலை இறக்கினார். அஞ்சலையிடம் பிடித்ததை எல்லாம் இப்போதே தந்துவிடுவதாகவும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம் என்றும் சொல்லி நோட்டுகளை நீட்டினார். அவள் அதையே பார்த்தாள். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை வாங்க வழியில்லாமல் இருந்தாள். வாங்கிக்கொள்வாளோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

"எனக்கு மட்டும்னா வேணாம். எல்லாருக்கும் நிறுத்துங்க. எல்லார் கடுதாசியும் எங்க கைக்கு வரணும், அந்தக் கம்பெனிக்குக் குடுத்ததும் சேத்து."

"நாலு விரலுக்கு வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னியோட நீ வர வேணாம். வேற யாருக்கு கடுதாசி பாக்கணும்?"

அவர் அதைக் கேட்டிருக்கவே கூடாது. கூட வேலை செய்யும் சீனப் பெண் ஆ லான்தான் முதலில் மேசைக்கு வந்தாள். தனக்குத் தெரிந்த பத்து வார்த்தைத் தமிழில், "என்னுது எடு" என்றாள். அடுத்து நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர, வரிசை வாசலைத் தாண்டித் தொட்டிகள் வரை நீண்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு, அதை ஓட்டும் மருதமுத்துவும் எண்ணெய்க் கையோடு கடைசியில் வந்து நின்றான். அஞ்சலையை எங்களுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டோம். அவளை அனுப்புவதென்றால் நாற்பது பேரையும் அனுப்ப வேண்டும்.

முதலாளி போலீசுக்குப் போன் சுற்றினார். சுற்றட்டும். போலீஸ் வந்தாலும் அந்தத் தாள்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம் என்று வரிசையிலேயே நின்றோம்.