நாலு நாள் ஓடிய படம்

என் மாமனார் சினிமா எடிட்டர். முப்பது வருஷத்துக்கு முன் அவர் வெட்டி ஒட்டிய படம் ஒன்று நாலே நாள் ஓடிப் படுத்துவிட்டது. அப்புறம் அதன் பிரதியே எங்கும் கிடைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான், காதலித்த காலத்தில் அவர் மகளிடம் அளந்துவிட்டேன்: "சின்ன வயசுல பார்த்திருக்கேன். கடைசி சீன்ல அழுதுட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தாள். அப்பாவின் படத்தைப் பார்த்த ஒரே மனிதன் என்று பதினோரு வருஷமாக என்னை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

போன வாரம் எந்தப் புண்ணியவானோ அந்தப் படத்தைத் தேடி எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மாமா வந்து இறங்கிவிட்டார். சோபாவில் எனக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மாமா, அவரை அடுத்து என் மனைவி. தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு முறை எழுந்தேன். "உட்காருங்க மாப்ளே, நல்ல இடம் வருது" என்று சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

சும்மா பார்க்கவாவது விட்டாரா? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்துவார். "இங்க பன்னிரண்டு அடி ஃபிலிமைத் தூக்கிட்டேன். தெரியுதா?" தெரியவில்லை, தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம். மருந்துக்குக்கூட அழுகை இல்லை.

கடைசிக் காட்சிக்கு முன் மறுபடி நிறுத்தினார். மனைவி ஆசையாக எட்டிப் பார்த்தாள்.

"நீங்க அழுத சீன் இதுதானே? என்ன வரும், சொல்லுங்க."

வேறு பொய் கைவசம் இல்லை. "நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல" என்றேன்.

மாமா என் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, அது எனக்கு அன்னைக்கே தெரியுமே! சிரிக்கிற சீனுக்கு எவனாவது அழுவானா? என் படத்துக்காகப் பொய் சொல்லவாவது ஒருத்தன் வந்தானேன்னு விட்டுட்டேன்."

அவள் என் பக்கமே திரும்பவில்லை. "உங்களுக்குத் தெரியுமாப்பா? அதை நம்பித்தானே நான் இவரைக் கட்டிக்கிட்டேன்?"

மாமா ரிமோட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது, அவருக்கும் சேர்த்து.

"போடுங்க. முடிவையாவது பார்ப்போம்" என்றாள்.

கதாநாயகன், படம் முழுக்கத் துரத்திய திருடனோடு லிப்டில் மாட்டிக்கொள்கிறான். இருவருக்கும் விக்கல். இவன் முகம், ஒரு விக்கல். அவன் முகம், ஒரு விக்கல். அப்படி மாற்றி மாற்றி அழகாகத்தான் வெட்டியிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் நான் புரண்டு புரண்டு சிரித்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா திரையைப் பார்க்காமல், ஒவ்வொரு விக்கலுக்கும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.