வெள்ளைப் பிளக்

சகாயமேரி ஒரு வாரமாக மகளின் தட்டில் களி உருண்டையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டிருந்தாள். பிரின்சி ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை நாய்க்குப் போட்டாள்.

"எடை ஏறிடும்மா. அப்புறம் அப்பா என்னை எறக்கி வுட்டுடுவாரு."

மேரிக்கு வேண்டியதும் அதுதான்.

கடத்தூரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்த அவள் புருஷன் சின்னராஜ், மூன்று வருஷமாக ஒரு விமானம் கட்டினான். அலுமினியக் குழாய், அதன்மேல் தைத்துப் போட்ட துணி, ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் பழைய பைக் எஞ்சின், அதில் ஒரு மரக் காற்றாடி. ஒருத்தர்தான் உட்காரலாம். கட்டி முடித்த பிறகு அது அவனைத் தூக்க மாட்டேன் என்றது. வற்றிக் கிடந்த ஏரியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியதே தவிர, தரையை விடவில்லை.

"கோழிகூட கூரை ஏறுதுடா மாப்ள," என்றார் புளி மண்டி சவுரியப்பன்.

அவரிடம்தான் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு இருந்தது. விமானத்தின் வாலைக் கயிறு போட்டு வேல மரத்தில் கட்டி, நடுவில் அந்தத் தராசை மாட்டி, எஞ்சினை முழுசாக முறுக்குவான் சின்னராஜ். முள் எத்தனை கிலோ காட்டுகிறதோ அவ்வளவு இழுவை. அது எழுபதைத் தாண்டவில்லை. அவனைத் தூக்க எண்பது வேண்டும். எழுபதில் தூக்கக்கூடிய உடம்பு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற உடம்பு.

"சின்ன ஜெட்டு போட்டா எனக்கே பத்தும் மேரி," என்றான் ஒருநாள் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே. "பெட்ரோல் கம்மியா போனா இன்னும் நல்லா இழுக்கும். ஆனா சூடேறி பிஸ்டன் கடிச்சிக்கும். பாப்பா போற வண்டி. அதான் பெரிய ஜெட்டே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"பாப்பா எதுக்குங்க போவணும்?"

"அவளே கேக்குறா."

"அவ குச்சி ஐஸுந்தான் கேக்குறா. வயித்தால போவும்னு வாங்கித் தர மாட்டீங்க."

"ஊருக்கே சொல்லியாச்சு. தரையில நல்லா ஓட்டிப் பழகிட்டா. பத்தடி ஒசரம், நேரா போறா, நேரா எறங்கறா. அவ்ளோதான்."

அதற்குமேல் அவனிடம் பேச்சு எடுபடாது. மகளிடமும் எடுபடவில்லை. மேரி வேறு வழி பார்த்தாள்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது கல்யாணமானதிலிருந்து அவள் வேலை. ஜெட் என்பது சுண்டுவிரல் நகமளவு பித்தளைத் திருகு. பெட்ரோல் போவதற்கு நடுவில் ஊசித் துளை. அதை ஊதிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஞாயிறு காலை, பூசைக்குப் போகுமுன், பெரிய ஜெட்டை எடுத்துவிட்டுச் சின்னதை மாட்டினாள். பறக்கும் முன் கயிற்றில் கட்டி ஒரு தடவை முறுக்குவான். அந்த முறுக்கிலேயே பிஸ்டன் கடித்துக்கொள்ளும், காற்றாடி நின்றுவிடும். மூன்று வருஷமும் பாழ் என்று அவன் தலையில் கை வைத்து உட்காருவான். உட்காரட்டும். சோறு இறங்காது. இறங்காமல் போகட்டும்.

பூசை முடிந்ததும் ஊர் ஏரிக்கு வந்துவிட்டது. பிரின்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்று நின்றாள். சின்னராஜ் சீட்டில் உட்கார்ந்து முறுக்கினான்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. எப்போதும் இருக்கும் கரகரப்பு இல்லை. கம்பியை இழுத்து மீட்டியதுபோல் மெல்லிசாக, கூர்மையாக வந்தது. கயிறு முறுகியது. வேல மரம் இலையை உதிர்த்தது. மேரி ஜெபமாலையைப் பிடித்திருந்தாள். கடிச்சிக்கோ, கடிச்சிக்கோ என்றுதான் அவள் வாய் முணுமுணுத்தது.

"எம்பத்தி மூணு!" என்று கத்தினார் சவுரியப்பன். "மாப்ள, எம்பத்தி மூணுடா!"

சந்தோஷத்தில் சின்னராஜ் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டான். கடிக்க நேரமில்லை.

"என்னா பண்ண மேரி?"

"ஜெட்டுல தூசி இருந்துச்சுங்க," என்றாள். அவளுக்கே தெரியாமல் வந்தது அந்தப் பொய்.

அவன் முகம் மலர்ந்தது. "இவ்ளோ நாளா ஒரு தூசியா! அப்ப பாப்பா எதுக்கு? நானே போறேன்."

"அப்பா!" என்று பிரின்சி காலை உதைத்து அழுதாள்.

இப்படி ஒன்று நடக்கும் என்று மேரி நினைத்தே பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"பிளக்கைக் கழட்டிக் காட்டு, போதும்," என்றான் அவன், பெல்ட்டை மாட்டிக்கொண்டே.

எஞ்சினுக்குள் எரிவது சரியா என்று பிளக்கின் நிறம் சொல்லிவிடும். அவள் மடியில் எப்போதும் மாதிரிக்கென்று ஒரு பழைய பிளக் இருக்கும்; நன்றாக எரிந்த பழுப்பு நிறம், இதுபோல் வரவேண்டும் என்று அவனே கொடுத்தது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று துணியோடு பிளக்கைக் கழற்றினாள். எலும்புபோல் வெள்ளையாக இருந்தது. பெட்ரோல் பத்தாமல் பட்டினியில் வேகும் எஞ்சினின் வெள்ளை.

காட்டினால் பெரிய ஜெட் திரும்ப ஏறும். முள் எழுபதுக்கு இறங்கும். ஹெல்மெட்டோடு நிற்கிறவள் சீட்டில் ஏறுவாள். இன்றைக்கு இல்லை என்றால் அடுத்த ஞாயிறு ஏறுவாள். அவனை நிறுத்த முடியாது என்று மேரிக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்துபோயிருந்தது.

இரண்டு பிளக்கும் ஒரே துணியில் கிடந்தன. வெள்ளையின் சூடு பழுப்பிலும் ஏறியிருந்தது. அவள் பழுப்பை நீட்டினாள்.

"சுடுதுங்க, பாத்து."

அவன் உள்ளங்கை மாற்றி மாற்றிப் பார்த்தான். "சாக்லேட் மாதிரி இருக்குதுடி," என்று சிரித்துத் திருப்பித் தந்தான். அவள் அதையே எஞ்சினில் மாட்டினாள்.  

விமானம் ஓடியது, குதித்தது, பிறகு தரையை விட்டது. சனம் ஓவென்று கத்தியது. பத்தடி என்றுதான் அவன் சொல்லியிருந்தான். ஆனால் முதல் தடவையாக வண்டி அவன் பேச்சைக் கேட்டது. பனைக்கு மேலே போனான். ஏரிக்கரையைத் தாண்டி, பாறைக்காட்டுக்கு மேலே திரும்பினான். சத்தம் இன்னும் மெல்லிசானது, இனிமையானது. மேரிக்கு மட்டும் அது கேட்கக்கூடாத இனிமை. மடியில் வெள்ளைப் பிளக் இடுப்பைச் சுட்டது. அவள் எடுக்கவில்லை.

"நீதாம்மா கெடுத்த," என்று விசும்பினாள் பிரின்சி. "தூசியைத் துடைக்கலேன்னா நான் போயிருப்பேன்."

"ஆமாண்டி," என்றாள் மேரி.

சத்தம் நின்றது. ஒரு கிறீச்சு, அவ்வளவுதான். தூரத்தில் காற்றாடி ஒற்றைக் கட்டையாக நின்றது தெரிந்தது.

"பாத்தியா தங்கச்சி!" சவுரியப்பன் துண்டைச் சுழற்றினார். "எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு எறங்கறான் பாரு! கில்லாடிடா எம்மாப்ள!"

ஊர் முழுக்கக் கை தட்டியது. பிரின்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். பாறைகளுக்கு மேலே விமானத்தின் மூக்கு தாழ்ந்தது.

மேரி மகளின் தலையை ஹெல்மெட்டோடு இழுத்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள்.

"வுடும்மா," என்று திமிறினாள் பிரின்சி. "அப்பா தெரியல."

மேரி விடவில்லை.