மூன்று கைப்பிடி உப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. நேற்று மத்தியானம் எங்கள் சாப்பாட்டுக் கடையில் சூப் கரித்தது, அதிலிருந்து உண்டானது. என் பங்கு முற்றுப்புள்ளிகள் மட்டும்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்பதால் அவற்றிலும் சில இடம் மாறி விழுந்திருக்கலாம்.

இப்படித்தான் ஆரம்பித்தேன்:

“பகலவன் உச்சியில் நின்று தன் பொற்கதிர்களால் அந்த எளிய உணவகத்தை—”

எங்கள் கடைக்குள் பகலவன் வந்ததே இல்லை. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். நண்பகலிலும் ட்யூப்லைட்தான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “அவருடைய நாக்கு செத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது.”

பேய்க்கதை மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் இதுதான். அடிக்காமல் விடுகிறேன்.

2

சித்தப்பா கடையின் சமையல்காரர். சித்தி, கடையின் மற்ற எல்லாம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு சித்தப்பாவுக்கு ருசியும் வாசனையும் போய்விட்டன. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ருசி தெரியாத சமையல்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்? (சித்தி வைத்துக்கொள்வாள், புருஷனாயிற்றே. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் அவரே கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அதற்கப்புறம் அவர் என்ன செய்வார் என்று நினைத்துப்பார்க்கவே பயமாக இருக்கிறது.)

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, கடை லீவு நாளில் வேறு கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து குறை சொல்வது. அது நின்றுபோனது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நான் மட்டும்தான் கண்டுபிடித்தேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பயத்தில் அவர் உப்பைக் குறைத்துப் போட்டார். அவர் முகம் கழுவப் போகும் நேரம் பார்த்து நான் அண்டாவில் ஒரு துளி எடுத்து ருசி பார்ப்பேன். சப்பென்று இருந்தால் ஒரு கை போடுவேன். சில நாள் சரியாகவே இருக்கும். நாக்கு திரும்புகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

3

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பாத்திரம் நான். கதையில் நான் நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. சித்தியையும், காய் நறுக்கும் அக்காவையும் வைத்து ஒப்பேற்றிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் இரண்டு கை உப்புக்கு அந்த அண்டா அவ்வளவு கரிக்காது. கணக்கு உதைக்கிறது. இருந்துதான் ஆகவேண்டும்.

நேற்று எதிர் அலுவலகத்தின் கேன்டீன் மூடிவிட்டதால் கூட்டம் முன்கூட்டியே வந்து குவிந்தது. சித்தப்பா முகம் கழுவப் போனார். ருசி பார்க்க நேரமில்லை. எப்படியும் சப்பென்றுதான் இருக்கும் என்று சித்தி ஒரு கை போட்டாள். அவள் நகர்ந்ததும் அக்கா ஒரு கை. அக்கா நகர்ந்ததும் நான்.*

* ஒரே சமையலறையில் ஒருத்தியை ஒருத்தி எப்படிப் பார்க்காமல் இருந்தீர்கள் என்று கேட்பீர்கள். மூன்று பேரும் திருட்டுத்தனம் செய்யும்போது எல்லோரும் வேறு பக்கம்தான் பார்ப்பார்கள்.

4

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பாதிச் சாப்பாட்டில் சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “எப்படி இருக்கு?” என்று கேட்பார். யாரும் குறை சொல்வதில்லை. சொன்னால் அன்று சாயங்காலமே ஒரு தூக்கு நிறைய புது சூப்போடு அவர்கள் வீட்டுக்குப் போய், குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்.

“எப்படி இருக்கு?”

“இன்னிக்கு நல்ல... திடமா இருக்குண்ணே” என்றார் லாரி டிரைவர். அவர் முன்னால் தண்ணீர் ஜக் காலி.

தையல்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்கும் நிலையில் அவர் இல்லை.

அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த புது ஆள் கரண்டியை வைத்தார். “என்னங்க இது, கடலையே கொதிக்க வச்சு ஊத்தியிருக்கீங்க?”

“சார், புதுசா வந்தவரு பேசாம சாப்பிடுங்க” என்றார் டிரைவர்.

“கரிக்குதுங்க.”

“எங்களுக்குக் கரிக்கலை.”

“உங்க கண்ணுல தண்ணி வருதே?”

“அது என் சொந்த விஷயம்.”

சித்தப்பா புது ஆளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய கிண்ணத்தை இழுத்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அடி தெரியும்வரை குடித்தார்.

“அண்ணே, போதும்ணே” என்றார் டிரைவர், பயந்துபோய்.

சித்தப்பா அந்தப் புது ஆளிடம், டாக்டரிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்.”



“நான்தான் போட்டேன்!” சமையலறை வாசலிலிருந்து சித்தி.

“நான்தான்!” அக்கா.

“நான்தான்!” என்று மூன்றாவதாக ஒரு குரல். யாரென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

“நீ எப்பலேர்ந்துடி?” என்றாள் சித்தி அக்காவிடம்.

“போன மாசத்துலேர்ந்து. நீங்களுமா?”

“எனக்குக் காய்ச்சல் விட்ட அன்னிக்கே தெரியும். கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா?”

“அப்போ சரியா இருந்த நாளெல்லாம்...” என்று ஆரம்பித்தேன்.

சித்தப்பா எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். “எல்லாருக்கும் தெரியுமா?” என்றார். எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் இருக்கும் முடிவுகளைச் சொல்கிறேன்.

ஒன்று: அவ்வளவு உப்பு உள்ளே போன அதிர்ச்சியில் நாக்கு திரும்பிவிடுகிறது. எல்லோருக்கும் பிடிக்கும். எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு: “புது சமையல்காரர் வந்துவிட்டார். சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு—”

வேண்டாம்.

மூன்றாவது, இன்று காலை நிஜமாக நடந்தது. சித்தப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். அடுப்பைப் பற்ற வைத்து அண்டாவை ஏற்றினார். காய் வெந்ததும் உப்பு ஜாடியை எடுத்தார். திறக்காமல், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

“சமைக்கிறது நான்” என்றார். “இதை யாராவது ஒருத்தி போடுங்க. ஒருத்தி மட்டும்.”

முகம் கழுவப் போய்விட்டார்.

சித்தி அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜாடியைப் பார்த்தேன். மூன்று பேரும் விட்டுக்கொடுத்தால் சப்பென்று ஆகிவிடும். மூன்று பேரும் முந்திக்கொண்டால் நேற்றைய கதைதான். “நீ போடு.” “நீங்க போடுங்க.” “அவளுக்குத்தான் நல்ல நாக்கு, அவ போடட்டும்.” இதை எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாமல், வெங்காயம் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சூப் கொதிக்கிறது. வெளியே நாற்காலிகள் இழுபடுகின்றன. சித்தப்பா முகத்தைத் துடைக்கிற நேரம்தான் மிச்சம். நான் திரும்பிப் போகும்போது ஜாடி திறந்திருந்தால், யார் போட்டது, எத்தனை பேர் போட்டது என்று கேட்க எனக்கு வாய் வராது.

நீங்களே ருசி பாருங்கள். பின்கதவு திறந்துதான் இருக்கிறது. கரண்டி அண்டாவின் மேலேயே கிடக்கும். ஊதிக் குடியுங்கள், சூடு.